சேதுவுக்கு, அந்த 22 ஸ்பெக்ட்ரம் கோடுகளைப் பத்தி

டேய் சேது,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே? இங்க எல்லாம் நல்லாருக்கோம். பதில் போடலன்னு கோச்சுக்காத, கார்பன் கூண்டுக்குள்ள (ஃபுல்லரீன்) ஸ்கேண்டியம் அணு இருக்க மாலிக்யூலோட ஈஎஸ்ஆர் ஸ்பெக்ட்ரம், அதான் ஜோடி இல்லாத எலக்ட்ரானை காந்தப்புலத்துல வெச்சுப் பாக்கறது, கைக்கு வந்துடுச்சு, உங்கிட்ட சொல்லாம தூக்கம் வராது.

லாந்தனம் சி82, அதாவது 82 கார்பன் கூண்டுக்குள்ள ஒரு லாந்தனம், நமக்குப் பழசு, 1992-ல ஐபிஎம் ஆல்மடென்ல பாத்த எட்டு கோடு, லாந்தனம் நியூக்ளியஸ் ஸ்பின் 7/2ங்கறதால எட்டா பிரியுது, கோடுகளுக்கு நடுவுல இடைவெளி ஒரு காஸ் (காந்தப்புல அளவு) சொச்சம்தான், இவ்ளோ கம்மியா இருக்கறதால ஒத்த எலக்ட்ரான் பெரும்பாலும் கூண்டு மேலதான் இருக்கு. முத்து தூக்கத்துல எழுப்பினாலும் ஒப்பிப்பானே! ஸ்கேண்டியத்துக்கும் 7/2 தான், ஆனா உள்ள மூணு இருந்து மூணும் சமமா இருந்தா 3×7+1, 22 கோடு வரணும். வந்துருக்குடா. நடுவுல இருக்க ரெண்டும் 48 உயரம்னா கடைசிக் கோடு வெறும் 1, பேஸ்லைன் இரைச்சல்ல முங்கிப் போற அளவு, அது ரெண்டு பக்கமும் நிக்குது. கரைசல்லேர்ந்து ஆக்சிஜனை ஒழுங்கா எடுத்து, மாடுலேஷனை (மெஷின் காந்தப்புலத்தை ஆட்டற அளவை) குறைச்சு, பொறுமையா ஸ்கேன் மேல ஸ்கேன் சேத்ததும்தான் தெரிஞ்சுது.

இப்ப சண்டைக்கு வர்றேன். "ஸ்கேண்டியத்துல ஈஎஸ்ஆர் ஏமாத்திடுச்சு"ன்னு புதுப் பையன்கிட்ட சொன்னியாமே, பெரியவர் சொன்னார். எப்படிடா அப்படிச் சொல்லுவ? 1992-ல இந்த ஸ்கேண்டியம் மாலிக்யூலை சி82 கூண்டுக்குள்ள மூணு ஸ்கேண்டியம்னு எழுதினாங்க, 2005-ல பாத்தா கூண்டு சி80, மிச்ச ரெண்டு கார்பனும் உள்ள ஸ்கேண்டியத்தோட இருக்கு. மொத்த எடை ஒண்ணுதான், அதனால எடையை மட்டும் பாக்கற மாஸ் ஸ்பெக்ட்ரம் பிரிச்சுக் காட்டாது. கார்பன் 12-க்கு நியூக்ளியர் ஸ்பின்னே கிடையாது, அப்ப அந்த ரெண்டு கார்பன் எங்க இருக்குன்னு நம்ம கோடு எப்படிச் சொல்லும்? மூணு ஸ்கேண்டியம், மூணும் சமம், அவ்ளோதான் அது சொன்னுது. 2005-க்கு அப்புறமும் அதுல ஒரு எழுத்து மாறல. கூண்டுக்கு 82-ன்னு பேர் வெச்சது படிச்சவங்க, ஸ்பெக்ட்ரம் இல்ல.

இது எனக்கு விளையாட்டு இல்ல சேது. அந்தப் பையன் மெஷின் பக்கமே போகாம எக்ஸ்ரேல அமைப்பைப் பாக்க கிரிஸ்டல் வருமா வருமான்னு உக்காந்துருக்கானாம். கிரிஸ்டலுக்கு எவ்ளோ சாம்பிள் வேணும், நமக்கு ஒரு துளி கரைசல் போதுமே. அவனை முதல்ல ஈஎஸ்ஆர் எடுக்கச் சொல்லு, ஓரத்துக் கோடு தெரியற வரைக்கும் விடாம எடுக்கச் சொல்லு. முடிஞ்சா ஸ்பின் இருக்க கார்பன் 13 ஏத்தின சாம்பிளும் பண்ணுங்க, அப்ப கார்பனும் வாயைத் திறக்கும்.

ஸ்பெக்ட்ரம் ஃபைல் தனியா அனுப்பறேன். முத்துகிட்ட இப்ப காட்டாத, நான் நேர்ல காட்டிக்கறேன்.

உன்
வாசு