எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு ஓசூர் ரோட்டில் ராத்திரி நேரத்தில் பிரேக் லைட், இன்டிகேட்டர் எதுவும் இல்லாமல் போகிற பழைய லாரிகளைப் பற்றி ஒரு வாசகர் நம் பத்திரிகையில் கோபமாக எழுதியிருந்தார். கோபம் நியாயம்தான். சில்க் போர்டு தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும் இருட்டில் பைக் ஓட்டுகிற யாருக்கும் அந்தப் பயம் தெரியும். ஆனால் டிரைவர்களுக்கு அக்கறையே இல்லை, பிடித்து உள்ளே போட்டால்தான் சரியாகும் என்று அவர் முடித்திருந்தது எனக்கு ஒப்பவில்லை. நான் கலாசிபாளையம் பக்கம் லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்துப் பிழைக்கிறவன். பிரேக் லைட் எரியவில்லை என்று பெரும்பாலான டிரைவர்களுக்கு வேறு யாராவது சொல்லித்தான் தெரிகிறது. கேபினில் உட்கார்ந்து பெடலை மிதிக்கிறவருக்கு வண்டியின் பின்னால் என்ன எரிகிறது என்று எப்படித் தெரியும்? இன்டிகேட்டருக்காவது டாஷ்போர்டில் ஒரு அம்புக்குறி மினுக்கும், பிரேக்குக்கு அதுவும் கிடையாது.

அதை விடுங்கள், அந்த லாரி கொஞ்ச நாள் முன்னால்தான் எப்.சி. (வண்டி ஓடத் தகுதியானதா என்று சோதித்துத் தருகிற சான்றிதழ்) பாஸாகி வந்திருக்கும். 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. உண்டு, விளக்கெல்லாம் எரிகிறதா என்று அங்கே பார்க்கத்தான் செய்கிறார்கள். பின்னே எப்படி? காசு கொடுத்திருப்பான் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது நடக்கவே நடக்காது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நேர்மையாக நடந்த எப்.சி.யிலும் இந்தக் கோளாறு தப்பிவிடும், அதற்குக் காரணம் எர்த்.

லாரியில் பல்புக்கு கரண்ட் ஒயரில் வருகிறது, திரும்பிப் போவது சேசிஸ் என்கிற இரும்பு அடிச்சட்டம் வழியாக, அந்தத் திரும்பும் பாதையைத்தான் எர்த் என்கிறோம். பல்பு ஹோல்டரும் விளக்கு மாட்டியிருக்கும் பிராக்கெட்டும் சேசிஸோடு இரும்புக்கு இரும்பு நன்றாக ஒட்டியிருந்தால்தான் அந்தப் பாதை சரியாக இருக்கும். பழைய வண்டியில் அங்கே துரு இருக்கும், சேறு இருக்கும், மர பாடியாக இருந்தால் எர்த்துக்கென்று இழுத்த தனி ஒயர் எப்போதோ அறுந்து தொங்கும். இது போதாதென்று எப்.சி.க்குப் போகும் முன் வண்டி முழுக்கப் பெயின்ட் அடிக்கிறார்கள், பிராக்கெட், போல்ட், நட்டு எதையும் விடுவதில்லை. வேலைக்காக விளக்கைக் கழற்றிவிட்டு, பெயின்ட் அடித்த இரும்பின் மேலேயே திரும்ப முடுக்குவார்கள். பெயின்டுக்குள் கரண்ட் போகாது. ஆக, எப்.சி.க்காக வண்டியை அழகுபடுத்தும் அதே வேலைதான் பல வண்டிகளில் பின்விளக்கின் எர்த்தைக் கெடுக்கிறது. பார்த்துப் பார்த்து எனக்கே சலித்துப்போன விஷயம் இது.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கில் பெரும்பாலும் டபுள் கான்டாக்ட் பல்பு இருக்கும், ஒரே பல்புக்குள் இரண்டு இழை, ராத்திரி சும்மா எரிகிற டெயில் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான், பல்பின் பித்தளை உடம்பு. அந்த எர்த் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பிரேக் மிதித்தால், பெரிய இழைக்குள் போன கரண்ட் வெளியேற வழியில்லாமல் சின்ன இழை வழியாக டெயில் லைட் ஒயருக்குள் நுழைந்து, மற்ற பார்க்கிங் விளக்குகள் மூலமாக எர்த்தைத் தேடிக்கொள்ளும். வெளியே நின்று பார்க்கிறவருக்கு, பிரேக் மிதித்ததும் சிவப்பாக ஏதோ எரிகிறது. மங்கல்தான், ஆனாலும் எரிகிறதே, பாஸ்! ராத்திரி டெயில் லைட் போட்டபடி பிரேக் மிதித்தால் கதை தலைகீழ். சின்ன இழையின் இரண்டு பக்கமும் இப்போது ஒரே வோல்டேஜ், எந்தப் பக்கமும் கரண்ட் ஓடாது. பிரேக் மிதித்ததும் பளிச்சென்று எரிய வேண்டிய விளக்கு, இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் விட்டுவிட்டு அணைந்துபோகும். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு லாரியே மறைந்த மாதிரி இருக்கும். எர்த் முழுசாகப் போகாமல் அரைகுறையாக இருந்தால் இவ்வளவு மோசமாக இருக்காது, இன்டிகேட்டர் மினுக்கும்போதெல்லாம் டெயில் லைட்டும் கூடவே ஏறி இறங்கும். அப்படி ஒரு லாரி முன்னால் போனால் கொஞ்சம் தள்ளியே ஓட்டுங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது பிரயோஜனமில்லை. பார்க்கிங் லைட்டைப் போடுங்கள், பிரேக்கை மிதித்தபடியே இருக்கச் சொல்லுங்கள், மேலே ஒரு பக்க இன்டிகேட்டரையும் போடுங்கள், பிறகு பின்னால் போய் நில்லுங்கள். மூன்றும் ஒன்றையொன்று பாதிக்காமல் எரிந்தால்தான் அந்தப் பக்க எர்த் சரி. அடுத்து மறுபக்க இன்டிகேட்டர். கிளீனர் இருந்தால் ஒரு நிமிஷ வேலை, இல்லையென்றால் ஏதாவது சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்திக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

பல்பு எரியாவிட்டால் நம் ஆட்கள் நேராக ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் புது பல்பு, புது பிளாஷர் (இன்டிகேட்டரை மினுக்க வைக்கிற சாமான்) என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். முதலில் ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை ஹோல்டர் உடம்பிலும் மறு முனையைச் சுரண்டிய சேசிஸ் இரும்பிலும் பிடித்துப் பாருங்கள். விளக்கு உயிர் பெற்றால் பல்பில் கோளாறே இல்லை. மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜ் காட்டும், அதிலேயே பல்பை மாட்டினால் பல்லைக் காட்டிவிடும். அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் ஒயரில் தொட்டுப் பார்க்கிற பல்பான டெஸ்ட் லேம்பை இன்னும் கைவிடவில்லை. பல்பு வாங்கும்போதும் கவனம் வேண்டும். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட், பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரியைத் தொடராகச் சேர்த்து 24 வோல்ட். 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பு ஒரு பளிச்சோடு சரி. டபுள் கான்டாக்ட் பல்பின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் இரண்டு பின்னும் வேறு வேறு உயரத்தில் இருப்பது தலைகீழாகப் போடக்கூடாது என்பதற்குத்தான், அதையும் பலம் போட்டுத் திருகி மாட்டுகிற கில்லாடிகள் இருக்கிறார்கள்.

எர்த் சரியாக இருந்தும் பிரேக் லைட் வரவில்லையா, பியூஸைப் பார்த்துவிட்டு சுவிட்சுக்குப் போங்கள். ஏர் பிரேக் வண்டியில் அது காற்றழுத்தத்தில் வேலை செய்கிற சுவிட்ச். அதன் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டால் விளக்கு எரிகிறது என்றால் சுவிட்ச் போய்விட்டது. பலமாக மிதித்தால் மட்டும் எரிகிற சுவிட்சும் போனதுதான், சில்க் போர்டு நெரிசலில் யாரும் பலமாக மிதிப்பதில்லையே. இன்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமாக மினுக்கினால் அந்தப் பக்கம் ஒரு பல்போ எர்த்தோ போயிருக்கும். இரண்டு பக்கமும் செத்துக் கிடந்தால் ஹசார்டு (எல்லா இன்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குவது) போட்டுப் பாருங்கள், அது மினுக்கினால் பெரும்பாலான வண்டிகளில் பிளாஷர் நன்றாக இருக்கிறது, பியூஸையும் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சுவிட்சையும்தான் சந்தேகப்பட வேண்டும். நேராகப் போகிறேன் என்று சிக்னலில் ஹசார்டு போடுகிறவர்களைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் கடிதம் முடியாது. எல்.இ.டி. பல்பு மாட்டியதும் இன்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது என்று வருகிறவர்களும் இப்போது அதிகம். எல்.இ.டி. இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைவு, பழைய பிளாஷர் அதைப் பல்பு போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளும். எல்.இ.டி.க்கு ஏற்ற பிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பியூஸுக்குப் பதிலாக ஒயர் இழையைச் சுற்றி ஓட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், பிறகு பியூஸுக்குப் பதில் ஒயரிங்தான் எரியும்.

எப்.சி. அதிகாரிகளுக்கும் போக்குவரத்து போலீஸாருக்கும் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன சோதனைக்கு மெஷின் எதுவும் வேண்டாம், டெயில் லைட்டை அணைக்காமல் பிரேக் மிதிக்கச் சொன்னாலே போதும். கோளாறு இருந்தால் அபராதத்தை வண்டி உரிமையாளரிடம் வாங்குங்கள். இப்போது டிரைவர் கையிலிருந்து கட்டுகிறார், பல முதலாளிகள் அதைத் திருப்பித் தருவதில்லை, கேட்டால் பேட்டாவில் பிடித்துக்கொள்கிறார்கள். புது ஒயரிங் போடக் காசில்லை என்கிற முதலாளிகள், பெயின்ட் அடிக்கும்போதே பின்விளக்கு ஹோல்டரிலிருந்து சேசிஸுக்கு ஒரு எர்த் ஒயர் தனியாக இழுத்து, முனையில் லக் (போல்ட் நுழைகிற உலோக வளையம்) வைத்து, போல்ட் விழுகிற இடத்தைச் சுரண்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி முடுக்கச் சொல்லலாம். பக்கத்துக்கு ஒன்று போதும்.

இப்படிக்கு,
லாரி ஒயரிங் தொழிலாளி,
கலாசிபாளையம், பெங்களூரு