சதுரங்கப் புதிரில் கருப்புக்கும் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வரும் சதுரங்கப் புதிரை நானும் என் பேத்தியும் வாரம் தவறாமல் வெட்டி நோட்டில் ஒட்டி வருகிறோம். தை மாதத்திலிருந்து ஒட்டியவற்றை நேற்று இரவு எண்ணினேன். 34 புதிர்கள். 34-லும் வெள்ளைதான் ஆட வேண்டும், வெள்ளைதான் வெல்ல வேண்டும், படத்தில் கீழே இருப்பதும் வெள்ளைக் காய்கள்தான். இதில் என்ன இருக்கிறது என்று போன வருடம்வரை நானும் நினைத்திருப்பேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஏன் எழுதுகிறேன் என்று தங்களுக்குப் புரியும்.

எனக்கு வயது 61. சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசு வேலை. கண் மங்கிய பிறகு பற்றவைக்கும் வேலையை மகனிடம் விட்டுவிட்டு, சலங்கை கோர்ப்பதும் ஜோடிக் கணக்கு எழுதுவதுமாக இருக்கிறேன். பேத்தி எட்டாம் வகுப்பு. அவளுக்குக் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆறே மாதத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளோடு ஆட ஆள் இல்லாமல், மகன் தன் கைபேசியில் லிச்செஸ் செயலியைப் போட்டுக் கொடுத்தான். காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. கணினியோடு ஆட 1 முதல் 8 வரை நிலைகள். அதோடு எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி. வெள்ளை ராஜா, கருப்பு ராஜா, பாதி வெள்ளையும் பாதி கருப்புமாக ஒரு ராஜா என்று மூன்று படங்கள். மூன்றாவதைத் தொட்டால் செயலியே ஏதாவது ஒரு பக்கத்தைக் கொடுக்கும்.

பேத்தி எப்போதும் வெள்ளையைத்தான் தொட்டாள். முதலில் நகர்த்துவது வெள்ளை என்பதால் எந்தக் குழந்தைக்கும் அந்த ஆசை வரும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏற்காடு நாகலூரில் மைத்துனி வீட்டுக்கு மே விடுமுறைக்குப் போனபோது, மூடுபனியில் சிக்னல் போனாலும் செயலி கணினியோடு ஆட விட்டது. காப்பித் தோட்டத்து வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து பத்து நாளும் ஆடினாள். அத்தனையும் வெள்ளை.

என் அப்பா காலத்தில் பட்டறைத் திண்ணையில் சிவப்புக் காயும் பச்சைக் காயும் வைத்து நாட்டு முறையில் ஆடுவார்கள். சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ஒரு ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாண்டலாம். ஒருவர் இரண்டு கையிலும் கைக்கொரு நிறக் காயை மூடிப் பிடிப்பார், மற்றவர் ஒரு கையைத் தொடுவார், கையில் வந்ததுதான் அவர் பக்கம். அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்ற மாட்டேன் என்றால் எதிரே இருப்பவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். கணினி எழுந்து போகாது. "போன ஆட்டம் நீ, இந்த ஆட்டம் நான்" என்று கேட்கவும் கேட்காது. நூறு தடவை வெள்ளை கேட்டால் நூறு தடவையும் கொடுக்கும்.

போன வருடம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடிந்து மறு ஞாயிறு, அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டி. ஒரே நாளில் 7 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமமான புள்ளி எடுத்தவர்களை மோத விடும் சுவிஸ் முறையில் ஒருவருக்கே ஒரே நிறம் தொடர்ந்து மூன்று முறை வராதபடி மாற்றி மாற்றித்தான் கொடுப்பார்கள். 7 சுற்று என்றால் ஒரு நிறம் எப்படியும் நான்கு தடவையாவது வரும். இவளுக்கு நான்கும் கருப்பு.

வெள்ளையில் மூன்றும் ஜெயித்தாள். கருப்பில் ஒன்று டிரா, மூன்று தோல்வி. தோற்றது எனக்குப் பெரிதில்லை. ஆனால் முதல் கருப்பு ஆட்டத்தில் காய் அடுக்கும்போதே ராஜாவையும் ராணியையும் மாற்றி வைத்துவிட்டாள். எதிரே இருந்த சின்னப் பையன் சிரித்துக்கொண்டே திருத்தினான். ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ராணி இடப்பக்கம், ராஜா வலப்பக்கம் என்று கண் பழகிவிட்டது. கருப்புப் பக்கம் உட்கார்ந்தால் ராஜாதான் இடப்பக்கம். கோட்டை கட்டும்போது, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும்போது, ராஜாவுக்குக் கிட்டத்திலுள்ள யானையும் இடப்பக்கம். "தாத்தா, போர்டே தலைகீழாத் தெரியுது" என்றாள் வெளியே வந்து. தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு உயிரான தின்பண்டம், அன்றைக்குப் பாதிதான் தின்றாள்.

ஐந்தாவது சுற்றில் தோற்ற ஆட்டத்தை வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டினாள். பலகையில் நீள வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். எதிராளியின் மந்திரி சி 4-லும் குதிரை ஜி 5-லும் நின்றுகொண்டு, இரண்டும் இவளுடைய எஃப் 7 சிப்பாயைக் குறி வைத்திருக்கின்றன. ஆட்டத் தொடக்கத்தில் அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. இவள் ஓரச் சிப்பாயைத் தள்ளிக் குதிரையை விரட்டப் பார்த்திருக்கிறாள். குதிரை எஃப் 7-ல் இறங்கி ராணியையும் யானையையும் ஒருசேரப் பிடித்துவிட்டது. மந்திரி காவலுக்கு இருப்பதால் ராஜாவால் அந்தக் குதிரையை வெட்டவும் முடியாது. இதே அடியை வெள்ளையில் உட்கார்ந்து கணினிக்கு இவள் எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறாள். தனக்கு வரும்போது தெரியவில்லை. டி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி மந்திரியின் வழியை அடைத்திருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் இருவரும் தேடிக் கற்றுக்கொண்டோம்.

அன்று இரவு செயலியில் அவள் ஆடிய பழைய ஆட்டங்களை எல்லாம் எண்ணினேன். 226 ஆட்டங்களில் கருப்பு 9. அந்த ஒன்பதும் கை தவறிக் கருப்பு ராஜாவைத் தொட்டதால் வந்தவை, பாதியில் விட்டவை.

வெள்ளைக்கு முதல் நகர்த்தல் அனுகூலம்தான், மறுக்கவில்லை. பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைத் தொகுத்துப் பார்த்தால் நூறு புள்ளிக்கு 54, 55 வெள்ளைக்குப் போகிறது. அதனால்தான் கணினி நிரல்களுக்குள் நடத்தும் டி.சி.இ.சி. போட்டியில்கூட, ஒரே தொடக்கத்தைப் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆட விடுகிறார்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் மோதும்போதே பக்கம் மாற்ற வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க வளரும் பிள்ளை ஒரே பக்கம் உட்காரலாமா?

மறுநாளே பட்டறையில் ஜோடிக் கணக்கு எழுதும் நோட்டு போல ஒன்று தைத்துக் கொடுத்தேன். இடப்பத்தி வெள்ளை, வலப்பத்தி கருப்பு. முதல் மூன்று வாரம் கருப்பு மட்டும். வெள்ளையில் 4-ஆம் நிலையை வென்றுகொண்டிருந்தவள், கருப்பில் 2-ஆம் நிலைக்கு இறங்க வேண்டியதாயிற்று. அழுதாள். நான் விடவில்லை. பிறகு பாதி வெள்ளை பாதி கருப்பு ராஜாவைத் தொடச் சொன்னேன், இன்றுவரை அதுதான். எங்களுக்கு அதிகம் பலன் கொடுத்த பழக்கம் இன்னொன்று. கருப்பில் தோற்ற ஆட்டம் எந்த இடத்தில் கெட்டதோ, அந்த நிலையிலிருந்தே கணினியோடு மறுபடி ஆடச் செயலியில் வழி இருக்கிறது. முதலில் வெள்ளையாக உட்கார்ந்து தன்னையே தோற்கடிக்கப் பார்ப்பாள். பிறகு கருப்புக்கு மாறி அதே நிலையைக் காப்பாற்றப் பார்ப்பாள். அடி எங்கிருந்து கிளம்புகிறது என்பது இரண்டு பக்கமும் உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

இந்த வருடம் அதே போட்டியில் அவளுக்குக் கருப்பு மூன்று தடவை வந்தது. இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. காய் அடுக்கும்போது கை தடுமாறவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும்தானோ என்று விசாரித்தேன். பேத்தியின் தோழி படிக்கும் பள்ளியில் கணினி அறையிலுள்ள சதுரங்க மென்பொருளில் பிள்ளைக்கு வெள்ளை, கணினிக்குக் கருப்பு என்றே இருக்கிறதாம். அதை மாற்றலாம் என்பதே யாருக்கும் தெரியவில்லை. கணினி ஆசிரியர்கள் ஒரே ஒரு முறை அமைப்புக்குள் போய் மாற்றிவிட்டால் போதும், இரண்டு நிமிட வேலை. இதைப் படிக்கும் பெற்றோர்களும் இன்று இரவு பிள்ளையின் ஆட்டக் கணக்கை ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2022 பிப்ரவரியில் நம் பிரக்ஞானந்தா 16 வயதில் இணையப் போட்டியில் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனை வென்றது கருப்புக் காய்களில், 39 நகர்த்தல்களில். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆன 14-ஆவது ஆட்டத்திலும் அவருக்குக் கருப்புதான். அன்று பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கைபேசியைச் சுற்றி நின்றோம். எதிரே ஆடிய டிங் லிரென் யானையைத் தவறாக நகர்த்தியபோது, என்ன நடந்தது என்று எங்களில் முதலில் சொன்னவள் பேத்தி. படத்தில் கருப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவி. மாதத்தில் நான்கு ஞாயிறு வருகிறது. அதில் இரண்டு புதிராவது கருப்பு ஆடி வெல்வதாக இருக்கட்டும். அந்த இரண்டிலும் படத்தைத் திருப்பி, கருப்புக் காய்கள் கீழே வருமாறு அச்சிடுங்கள். கட்டங்களின் எண் மேலிருந்து கீழாக 1 முதல் 8 என்றும், எழுத்து இடமிருந்து வலமாக எச்-இல் தொடங்கி ஏ-யில் முடிவதாகவும் இருக்க வேண்டும். முதல் வாரம் சில பிள்ளைகள் படம் தவறு என்று தங்களுக்குக் கடிதம் போடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் புதிர் மிகவும் தேவை.

போன ஞாயிறு வந்த புதிரைப் பேத்தி நிறம் மாற்றி, கருப்புப் பக்கத்திலிருந்து கட்டத்தாளில் வரைந்திருக்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன். ராணி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் கையில் கொடுத்தாள். இடம் இருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
கொலுசுப் பட்டறை, செவ்வாய்பேட்டை,
சேலம்.