என்ஜின் பிரேக் தடையும் பழைய கட்டடங்களும்: எங்கள் நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் தருகிறீர்கள். மணி அடிப்பதற்குள் இதைச் சொல்லி முடிக்க முடியாது, அதனால் மடலாகவே எழுதுகிறேன். ஆங்கிலப் படி மன்ற எழுத்தரிடம் இருக்கிறது. தமிழில் எழுதுவது, அமெரிக்காவின் இதுபோன்ற பழைய ஊர்களில் வீடு வாங்கி, ஒருபக்கம் லாரிச் சத்தத்தோடும் இன்னொருபக்கம் பழைய கட்டடங்களில் மாற்றம் செய்ய அனுமதி தரும் பாரம்பரியக் குழுவின் படிவங்களோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கும் சேர்த்துத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய கடைவீதியைக் காப்பாற்றுவதற்காக நகர எல்லைக்குள் முழுக்க லாரிகளின் என்ஜின் பிரேக்கைத் தடை செய்வது என்று ஒரு வரைவு வைத்திருக்கிறீர்கள். தூக்கம் கெடுவது உண்மை. நானும் அந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறேன், ராத்திரியில் மேட்டிலிருந்து இறங்கும் வண்டி தடதடவென்று வெடிப்பது எனக்கும் கேட்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தால் செங்கல் சுவர் விரிசல் விடுகிறது என்று வரைவின் முகவுரையில் எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் செலவும் தப்பான இடத்துக்குத்தான் போகும்.

என்ஜின் பிரேக் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை அழுத்துகிறது. அழுத்துவதற்கு வண்டியின் வேகத்திலிருந்து சக்தி செலவாகிறது. சாதாரணமாக அந்தக் காற்று திரும்ப விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளி, வாங்கின சக்தியைக் கொடுத்துவிடும். என்ஜின் பிரேக் போட்டால், எரிபொருள் நின்றுவிடுகிறது, பிஸ்டன் உச்சியை எட்டும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது, அழுத்தின காற்று அப்படியே வெளியே பாய்ந்துவிடுகிறது. சக்தி திரும்பி வராததால் வண்டி வேகம் குறைகிறது. சைக்கிள் பம்பை அழுத்தி, காற்றை டயருக்குள் விடாமல் வெளியே விட்டுக்கொண்டே இருப்பது மாதிரி. அந்தக் காற்று எக்ஸாஸ்ட் குழாய்க்குள் சடாரென்று பாய்வதுதான் நீங்கள் கேட்கும் வெடிச்சத்தம்.

இதில் கவனிக்க வேண்டியது, சத்தம் குழாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. குழாயில் ஒழுங்கான சைலன்சர் இருந்தால் அந்த வெடிப்பு பெரும்பாலும் அமுங்கிவிடும். சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், ஊரையே எழுப்புவது அவர்கள்தான். அவர்கள் என்ஜின் பிரேக் போடாமல் மேடு ஏறினாலும் எழுப்புவார்கள். உங்கள் வரைவு அவர்களைத் தொடவே இல்லை. நல்ல சைலன்சரோடு அமைதியாக இறங்கும் ஓட்டுநருக்கு அபராதம், நேர்க்குழாயோடு உறுமிக்கொண்டு ஏறுகிறவருக்கு ஒன்றுமில்லை. இது என்ன கணக்கு?

இந்தக் கருவி பிறந்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். டீசல் என்ஜின் தயாரித்த கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931இல் ஒரு லாரியில் நாட்டின் குறுக்கே ஓட்டிச் செல்லும்போது கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், கீழே ரயில் பாதையில் போய்க்கொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்தப் பயம்தான் பிறகு என்ஜின் பிரேக்காக மாறியது. துளைக்கருவிகளுக்கான பிடிப்பான்கள் செய்துகொண்டிருந்த ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் ஒரு வேடிக்கை: அதே 1931இல்தான் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் நாட்டிலேயே முதல்முறையாக ஒரு பகுதியைப் பழைய பாரம்பரியப் பகுதி என்று வரையறுத்து விதி போட்டது. கம்மின்ஸ் தன் நிறுவனத்தைத் தொடங்கிய இண்டியானா மாநிலக் கொலம்பஸோ இன்றைக்குக் கட்டடக்கலைக்காகவே ஆட்கள் தேடி வரும் ஊர். லாரியும் கட்டடமும் ஜென்மப் பகை இல்லை.

அந்தப் பயம் பழங்கதையும் இல்லை. இந்த நாட்டில் நெடுஞ்சாலை லாரி 80,000 பவுண்டு வரை எடை இருக்கலாம், கிட்டத்தட்ட 36 டன். நீண்ட இறக்கத்தில் சக்கர பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். நம் ஊர் ஆற்றங்கரைப் பள்ளத்தில் இருக்கிறது, சாலை மேட்டிலிருந்து நேரே கடைவீதிக்குள் இறங்குகிறது. இறக்கத்தின் உச்சியில் தடைப் பலகை வைத்தால், சட்டத்தை மதிக்கிற ஓட்டுநர் சூடான பிரேக்கோடு உங்கள் பழைய நூலகத்தின் வாசலுக்கு வந்து சேருவார். வரைவில் 'அவசர நேரம் தவிர' என்று ஒரு வரி இருப்பது தெரியும். சக்கர பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு என்ஜின் பிரேக் போடுவது காலம் கடந்த செயல். அது அவசரம் வராமல் தடுக்கிற கருவி.

சமதளமான கடைவீதிக்குள் அது தேவையில்லை, அங்கே தடை போடுங்கள், எனக்கு மறுப்பில்லை. இறக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பலகையில் 'ஜேக் பிரேக்' என்று எழுதாதீர்கள், அது ஒரு நிறுவனத்தின் பதிவு செய்த வணிகப் பெயர், அப்படி எழுத வேண்டாம் என்று அவர்களே ஊர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கட்டடங்கள். லாரி போகும்போது வீடு அதிர்கிறது என்று கடந்த கூட்டத்தில் பலர் சொன்னார்கள், ஜன்னல் கண்ணாடி கடகடக்கிறது, அலமாரியில் தட்டுகள் ஆடுகின்றன. பொய் இல்லை. ஆனால் அதில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று காற்று வழியே வரும் தாழ்ந்த அலைவரிசைச் சத்தம். அது தளர்ந்த ஜன்னல் கண்ணாடியை ஆட்டும், ஆட்டம் கேட்டதும் வீடே ஆடுகிறது என்று தோன்றும், சுவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொன்று தரை வழியே வரும் அதிர்வு. அது என்ஜினிலிருந்து வருவதே இல்லை. டயர் குழியில் விழுந்து ஏறும்போது, சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன சாக்கடை மூடியில் தட்டும்போது, ஒட்டுப்போட்ட தாரின் விளிம்பில் மோதும்போது அந்த அடி மண்ணுக்குள் போய் அடித்தளத்தைத் தொடுகிறது. வழவழப்பான சாலையில் ரப்பர் டயர் வண்டி போனால் தரையதிர்வு மனிதனுக்குப் பெரும்பாலும் உணர வராது என்பது இந்தத் துறையில் பழகிய பாடம். மிக நொய்ந்த பழைய கட்டடங்களுக்கு அமெரிக்கக் கூட்டரசுப் போக்குவரத்துத் துறையினர் வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு, அதாவது அதிர்வில் தரை அசையும் உச்ச வேகம், நொடிக்கு 0.12 அங்குலம், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ஜெர்மானியத் தர அளவும் தாழ்ந்த அதிர்வுகளுக்கு அதே 3 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது. நம் வீதியில் அந்த அளவு தாண்டுகிறதா என்று யாராவது கருவி வைத்து அளந்தீர்களா? வரைவோடு இணைத்த கோப்பில் ஒரு அளவுகூட இல்லை.

அஞ்சல் நிலையத்துக்கு எதிரே பெயர்ந்துகிடக்கும் அந்தச் சாலையை மட்டும் செப்பனிட்டுப் பாருங்கள். நீங்கள் பலகை வைத்துத் தடுக்க நினைக்கும் அதிர்வில் பெரும்பங்கு அங்கேயே நிற்கும்.

உண்மையில் பழைய செங்கல் சுவரைத் தின்பது தண்ணீரும் உப்பும். குளிர்காலத்தில் பனி உருக்கப் போடும் உப்பு, லாரிச் சக்கரம் அடிக்கும் சகதியோடு சுவரின் அடிப்பகுதியில் ஏறுகிறது. அதோடு சுண்ணாம்புக் காரையில் கட்டின மென்மையான செங்கலுக்கு நடுவே கெட்டியான சிமெண்டைப் பூசிவிட்டால், ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் முகமே உதிர்ந்துபோகும். காரை எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று தேசியப் பூங்காத் துறையின் வழிகாட்டிக் குறிப்புகள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நம் கடைவீதியில் இரண்டு சுவர்களில் சிமெண்ட் பூச்சுக்கு அனுமதி கொடுத்தது எந்தக் குழு என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் சங்கடம்.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் சொந்தக் கோபம். வீதியைப் பார்க்கும் ஜன்னல்களின் பழைய மரச்சட்டத்தை மாற்றக் கூடாது என்கிறீர்கள். சரிதான், அந்தக் காலத்து மரம் இன்றைக்குக் கிடைக்காது, பழுது பார்த்தால் இன்னும் பல வருடம் நிற்கும். ஆனால் அதற்கு வெளியே கூடுதலாக ஒரு ஸ்டார்ம் விண்டோ, அதாவது மழையையும் குளிரையும் தடுக்கும் இரண்டாவது கண்ணாடி ஜன்னல், பொருத்தினால் சத்தமும் குறையும், குளிரும் குறையும், உள்ளே இருக்கும் பழைய சட்டமும் மழையிலிருந்து தப்பும். பழைய சட்டத்தைத் தொட வேண்டியதில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பாரம்பரியப் பாதுகாப்புக்காரர்களே பரிந்துரைக்கும் வழி இது. நம் குழுவோ அதற்கும் தனி மனு, தனி விசாரணை, தோற்றம் கெடுகிறதா என்று ஒரு ஆராய்ச்சி. லாரிச் சத்தம் தாங்க முடியவில்லை என்று ஒரு கையால் விதி எழுதிவிட்டு, வீட்டுக்காரன் தானே அந்தச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் எளிய வழியை இன்னொரு கையால் அடைப்பதை என்னவென்று சொல்வது? ஸ்டார்ம் விண்டோவின் அளவும் நிறமும் இன்னவாக இருந்தால் அலுவலகத்திலேயே அனுமதி என்று ஒரு வரி போடுங்கள், போதும்.

வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் நம் வீதி இருக்கிறது, அதனால் லாரியைத் தடுக்கலாம் என்று ஒரு உறுப்பினர் பேசினார். 1966 சட்டத்தின் கீழ் வரும் அந்தப் பதிவேடு, கூட்டரசுப் பணமோ அனுமதியோ சேர்ந்த வேலைகள் அந்தக் கட்டடங்களைப் பாதிக்குமா என்று பார்க்கச் சொல்கிறது. தன் பணத்தில் தன் வீட்டை இடிக்கும் தனியாரைக்கூட அது தடுக்காது, ஓடும் லாரியை எங்கே தடுக்கும். வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்துவது நம் உள்ளூர் விதிதான்.

சத்தத்துக்கு ஏற்கெனவே இருக்கும் சட்டத்தைப் பாருங்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் கனரக வண்டிகளுக்கு, 1986 மாடலிலிருந்து, 50 அடி தூரத்தில் அளந்தால் மணிக்கு 35 மைல் வரை 83 டெசிபல், அதற்கு மேல் 87 என்று கூட்டரசு வரம்பு இருக்கிறது. ஊர் தன் இஷ்டத்துக்கு இதைவிடக் கடுமையான எண்ணை அந்த வண்டிகள் மேல் வைத்தால் 1972 சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு மோத வேண்டியிருக்கும், அதே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதைவிட உதவியானது அதே விதித்தொகுப்பில் இருக்கும் இன்னொரு பிரிவு: வண்டியில் சைலன்சர் இருக்க வேண்டும், பழுதாகியிருக்கக் கூடாது, அதைச் சுற்றிப் போகும் குறுக்குக்குழாய் இருக்கக் கூடாது. இதற்கு டெசிபல் கருவி வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும். ராத்திரிப் பணியில் இருக்கும் காவலர், இறங்கின வண்டி என்ஜின் பிரேக் போட்டதா வெறும் கியர் குறைத்ததா என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பதைவிட, வண்டியை நிறுத்தி டார்ச் அடித்து, சைலன்சர் இல்லை என்று எழுதுவது எவ்வளவோ சுலபம்.

கடைசியாக வேகம். மேட்டில் 55 மைல், ஊர்ப் பலகையைத் தாண்டினதும் சட்டென்று 25. அந்தப் பலகையைப் பார்த்ததும் எல்லா ஓட்டுநரும் ஒரே இடத்தில் என்ஜின் பிரேக்கைப் போடுகிறார்கள், அந்த இடம் சரியாக முதல் வீட்டின் படுக்கையறைக்கு எதிரே. மேலேயே 45, அப்புறம் 35 என்று படிப்படியாக இறக்கினால் வண்டி ஊருக்குள் வரும்போதே மெதுவாக வரும். அதை நீங்கள் தனியாகச் செய்ய முடியாது, சாலை மாநிலத்தினுடையது. அதனால் இந்த வரைவை வாக்கெடுப்புக்கு விடாமல் ஒத்திவைத்து, அடுத்த கூட்டத்துக்கு மாநில நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டப் பொறியாளரை அழையுங்கள், சாலைச் செப்பனிடுதலையும் வேக வரம்பையும் அன்றைய நிகழ்ச்சி நிரலிலேயே சேருங்கள். அதிர்வு அளக்கும் கருவி வைக்க இடம் வேண்டுமென்றால் என் வீட்டு நிலவறை திறந்தே இருக்கிறது.

இப்படிக்கு,
இறக்கச் சாலையோரத்து வரி செலுத்தும் குடிமகன்