எல்லா எலும்பும் தானாகக் கூடிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், முதியவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் மூன்று மாதம் படுக்கையில் இருந்தாலே தானாகக் கூடிவிடும், அறுவை சிகிச்சை வீண் செலவு என்று ஒரு வரி வந்திருக்கிறது. அப்படிப் படுத்துக் கிடந்த ஒருவரை அருகிலிருந்து பார்த்தவர் எவரும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். நான் பார்த்திருக்கிறேன்.

என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அவருக்கு வயது 76. இடுப்பு மூட்டில் பொருந்தும் உருண்டைத் தலைக்குச் சற்றுக் கீழே உள்ள, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை செய்யச் சொன்னார். "இந்த வயதில் கத்தி வைப்பதா? எலும்புதானே, கூடிவிடும்" என்று பெரியப்பாவும் மாமாவும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். என் பேச்சு எடுபடவில்லை. வலது கால் இடது காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியே கிடந்தது. இருபுறமும் மணல் மூட்டை வைத்து நிமிர்த்திப் பார்த்தோம். குதிகால் முதலில் சிவந்தது, பிறகு கறுத்து உரிந்தது. முதுகின் அடியில் படுக்கைப் புண் குழி விழுந்தது. கடைசியில் நிமோனியா வந்து போய்ச் சேர்ந்தார். அந்த எலும்பு கடைசிவரை கூடவே இல்லை.

காரணம் தாங்கள் அறியாததல்ல. எலும்பு முறிந்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அதன்மேல் மெத்தென்ற குருத்தெலும்பு வளர்ந்து, 6 முதல் 12 வாரங்களில் அது கெட்டிப்படுகிறது. இதற்கெல்லாம் இரத்த ஓட்டம் வேண்டும். தொடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் கழுத்தை ஒட்டியே ஓடுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்துபோகும். மூட்டுக்குள் இருக்கும் அந்தப் பகுதியில் வெளிப்புறமாகப் புது எலும்பு வளரவும் வழியில்லை. அதனால்தான் முறிந்த தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துகிறார்கள். பெரும்பாலானவர்களை மறுநாளே எழுந்து நிற்க வைக்கிறார்கள். தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே முறிந்தால் எலும்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் படுக்கையே ஆளைக் கொன்றுவிடுகிறது. அதனால் அங்கும் கம்பி வைத்து ஆளை உட்கார வைக்கவே மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

என் பேரனுக்கு முன்கை எலும்பு, பச்சைக் குச்சி வளைந்து ஒரு பக்கம் மட்டும் பிளப்பதுபோல முறிந்தது. மாவுக்கட்டோடு சரியாகிவிட்டது. பிள்ளையின் எலும்பையும் பாட்டியின் எலும்பையும் ஒரே பத்தியில் போட்டு 'கூடிவிடும்' என்று எழுதலாமா, ஐயா?

இது முதல் முறையும் அல்ல. சென்ற ஆண்டு, எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர்கள் போடும் எண்ணெய்க் கட்டைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதினீர்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு முழங்கையில் இறுக்கிக் கட்டிய கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டது. இன்றும் அவன் விரல்கள் மடங்கியே இருக்கின்றன. அதைப் பற்றி அப்போதே எழுதினேன், பதில் இல்லை. ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு விரைவில் கூடும் என்று எழுதினீர்கள். புகைபிடித்தால் கூடுவது தாமதமாகும் என்பதை எழுத இடமில்லாமல் போய்விட்டது. என் தாயாருக்கு இடுப்பு முறிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது. அது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோயின் எச்சரிக்கை, எலும்பு அடர்த்தியைச் சோதித்துப் பாருங்கள் என்று எங்களுக்கு அன்று சொல்வார் இல்லை. தங்கள் மருத்துவப் பக்கம் இருப்பது இதைச் சொல்லத்தானே? நான் சந்தா கட்டி வருவதும் அதை நம்பித்தான்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். கீழே விழுந்த முதியவர் காலை ஊன்ற முடியாமல் தவித்தால் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். முறிவு என்றால் ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. அரசு மருத்துவமனைகளிலும் அது செய்யப்படுகிறது. இவ்வளவு வந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
கும்பகோணம்.