ஹைஃபாவிலிருந்து செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம் என்று சொல். இங்கே இஸ்ரேலில் மழை ஓயப்போகிறது. கார்மல் மலைச்சரிவெல்லாம் சிவப்பு அனிமோன் பூ. ஆய்வு முடிய இன்னும் ஏழு மாதம்தான்.

"அங்கே எல்லாரும் யூதர்கள்தானே, அப்புறம் யார் யூதர் என்று என்ன சண்டை?" என்று கேட்டிருந்தாய். எல்லாரும் யூதர்கள் இல்லை, செல்வி. குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபியர். நான் மாத்திரை வாங்கும் கடைக்காரர் அரபுக் கிறிஸ்தவர். மலைமேல் தாலியத் அல் கார்மல் ஊரில் துரூஸ் மக்கள் இருக்கிறார்கள். அரபு பேசுகிறவர்கள், தனி மதத்தார். 1956 முதல் அவர்கள் வீட்டுப் பையன்களுக்கும் ராணுவ சேவை கட்டாயம். ஆனாலும் 2018இல் வந்த சட்டம், இந்நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்று எழுதி வைத்துவிட்டது. அதை எதிர்த்துத் துரூஸ் மக்கள் டெல் அவிவ் சதுக்கத்தில் திரண்டு நின்றதில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக 'இஸ்ரேலியர்' என்றே தேசியத்தைப் பதியுங்கள் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடியுரிமை வேறு, தேசியம் வேறு, மதம் வேறு என்று மூன்று கணக்கு இங்கே.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது எங்கள் ஆய்வகத் தோழியின் கல்யாண ஏற்பாட்டில்தான். 1990களில் ரஷ்யாவிலிருந்து கைக்குழந்தையாக வந்தவள். அப்பா யூதர், அம்மா ரஷ்யப் பெண். 1950இல் கொண்டுவந்த 'திரும்பும் உரிமைச் சட்டத்தை' 1970இல் திருத்தி, யூதருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும் அவர்களின் கணவன் மனைவிக்கும் குடியுரிமை கிடைக்க வழி செய்தார்கள். அப்படி வந்த குடும்பம். இரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தாள். வரி கட்டுகிறாள், ஓட்டுப் போடுகிறாள். ஆனால் கல்யாணம் என்று வந்தால் இங்கே பதிவுத் திருமணம் கிடையாது. அவரவர் மத அமைப்புதான் நடத்திவைக்க வேண்டும். துருக்கியர் காலத்து ஏற்பாடு, இன்னும் அப்படியே நிற்கிறது. ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், பார்ப்பது தாய் வழியை. மதம் மாறினால் ஒழிய இவள் அவர்களுக்கு யூதப் பெண்ணே இல்லை. மாப்பிள்ளையோ யூதர். இருவரும் சைப்ரஸ் போகிறார்கள். விமானத்தில் ஒரு மணி நேரம். அங்கே நடந்த கல்யாணத்தை இங்கே உள்துறை பதிவு செய்துகொள்ளும். 1963 தீர்ப்பு அதற்கு வழி விட்டது. போன வாரம் சமையலறை மேஜையில் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பக்கத்தில் ஒன்றும் பேசாமல் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி ஒரு கதை, இதே மலையில். ஸ்டெல்லா மாரிஸ் மடத்தில் சகோதரர் டேனியல் என்று ஒரு துறவி இருந்தார். போலந்தில் யூதத் தாய்க்குப் பிறந்தவர். 1942இல் தன் அடையாளத்தை மறைத்து ஜெர்மன் போலீசிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டே, மீர் ஊர் யூதர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லித் தப்பவைத்தவர். பிறகு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கிறிஸ்தவரானார். யூதர் என்ற உரிமையில் குடியுரிமை கேட்டார். மத விதிப்படி பார்த்தால் அவர் யூதர்தான். ஆனால் 1962இல் நீதிமன்றம், மதம் மாறியவரைச் சாதாரண ஜனங்கள் யூதர் என்று சொல்ல மாட்டார்கள் என்று மறுத்துவிட்டது. பின்னால் மற்ற வெளிநாட்டாரைப் போல விண்ணப்பித்துக் குடிமகனாகி, 1998இல் இங்கேயே காலமானார். அவரை மத விதி ஏற்றது, அரசு தள்ளியது. என் தோழியை அரசு ஏற்றது, மத விதி தள்ளுகிறது. சொந்தம் என்று நம்பி வந்த இருவரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டதை என்னால் ஏற்க முடியவில்லை, செல்வி.

எங்கள் கீழ்வீட்டுப் பம்பாய்ப் பாட்டிக்கு இது பழைய கதை. அவர் பெனே இஸ்ரேல் என்ற இந்திய யூதச் சமூகம். கொங்கண் கரையில் செக்காட்டியவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்துவதால் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்' என்றே பெயர். தலைமுறை தலைமுறையாக அப்படி ஓய்வுநாள் காத்தவர்களிடம், 1962இல் ரப்பிகள், வேறு யூதரைக் கட்டிக்கொள்வதானால் உன் தாய், பாட்டி, அதற்கும் முந்தியவர்கள் யார் என்று விசாரிக்கச் சொன்னார்கள். பாட்டி கட்டிக்கொள்ள இருந்ததோ மொராக்கோக்காரரை. 1964 கோடையில் ஜெருசலேம் போய்ப் போராட்டத்தில் உட்கார்ந்தாராம். அந்த ஆண்டே விதியை மாற்றினார்கள். அதன் பிறகுதான் கல்யாணம்.

எலியா தீர்க்கதரிசி என்றால் பாட்டிக்கு உயிர். மடத்துக்குக் கீழே அவர் பெயரில் ஒரு குகை இருக்கிறது. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், துரூஸ் எல்லாரும் வந்து வேண்டிக்கொள்வார்கள். நல்ல காரியம் என்றால் பாட்டி எலியாவுக்கு 'மலிதா' வைப்பார்: ஊறவைத்த அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, மேலே பழங்கள். முதல் தடவை அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை மணமக்கள் சைப்ரஸிலிருந்து திரும்புகிறார்கள். மறுநாள் சாயங்காலம் மலிதா வைப்பதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார். தோழியின் அம்மாவை நான்தான் போய் அழைத்துவர வேண்டும். தேங்காய் துருவுவதும் என் வேலை.

அம்மாவுக்கு என் வணக்கம். பதில் போடு.

அன்புடன்,
மலர்