கல்லறை அணிகள் கடந்த வழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

1922-இல் கண்டறியப்பட்ட, பண்டை எகிப்திய மன்னர் துட்டன்காமன் கல்லறையின் பொருள்கள் அனைத்தும் தனக்கே உரியவை என்று எகிப்து அரசு உறுதியாக நின்றதால், அகழ்ந்தவர்களுக்குப் பங்கு தரும் பழைய வழக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை. ஆயினும், அதைக் கண்டறிந்த அகழாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் 1939-இல் மறைந்தபோது அவருடைய உடைமைகளில் இருந்த, அக்கல்லறையைச் சேர்ந்த கைவளையொன்றின் ஸ்பிங்க்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவம்) உறுப்பு, அகன்ற கழுத்தணி, மணிகள் முதலியன, சில அவருடைய உறவினர் வழியாகவும் சில அவரது உயில் வழியாகவும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. (உயிலில் எழுதிவிட்டால் உரிமை வந்துவிடுமா என்பது வேறு கேள்வி.) இவ்வாறு சேர்ந்தவை உள்ளிட்ட 19 பொருள்களைத் திருப்பித் தருவதாக அந்நிறுவனம் 2010-இல்தான் அறிவித்தது. மிகத் தாமதமே எனினும், அவை வந்த வழியை ஆராய்ந்து வெளிப்படையாகச் சொன்னதை மதிக்கிறேன். காலத்தையும் உலோகத்தையும் மட்டுமே விளக்கப் பலகையில் எழுதும் ஏனைய அருங்காட்சியகங்களும், யாரிடமிருந்து எந்த ஆண்டில் பெற்றோம் என்பதையும் அங்கேயே எழுதிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்