யானைக்கால் ஆபீஸில் வேலை பார்த்த என் அப்பா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் என் அப்பா காலமானார். 86 வயது. காரியத்துக்கு முன்பு உங்கள் நாளிதழில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுத்தோம். படத்துக்குக் கீழே இருந்த இடத்தில் 'ஓய்வு பெற்ற சுகாதாரத் துறை ஊழியர்' என்று மட்டும்தான் போட முடிந்தது. அதை அச்சில் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை, அவர் என்ன வேலை செய்தார் என்பது அந்த வரியில் இல்லவே இல்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பைலேரியா பிரிவில் இருந்தார், அதாவது யானைக்கால் நோய் ஒழிப்பு. 1993ல் கடலூர், விழுப்புரம் என்று பிரிவதற்கு முந்தைய தென்னாற்காடு மாவட்டத்தில் சிதம்பரம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடைசியாகக் கடலூர் முதுநகர் என்று மாற்றலாகிக்கொண்டே இருந்தார். நானும் தம்பியும் நாலு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். எந்த ஊரிலும் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'ரத்தம் எடுக்கிறவர்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டாலும் 'ரத்தம் எடுக்கிறவர் வீடா, அதோ' என்பார்கள்.

இப்போது இருபது, முப்பது வயதில் இருப்பவர்களுக்கு அந்தக் காலம் தெரியாது. எங்கள் பக்கத்துத் தெருக்களில் திண்ணையில் காலை வேட்டியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யாராவது கட்டாயம் இருப்பார். திடீரென்று தொடை இடுக்கில் நெறி கட்டும், குளிர் காய்ச்சல் வரும், நாலு நாளில் காய்ச்சல் போய்விடும், வீக்கம் மட்டும் கொஞ்சம் நின்றுவிடும். இப்படியே வருஷக்கணக்கில் வந்து வந்து கால் கனத்துப்போகும். பெண்கள் புடவையைத் தரையில் இழுபட இறக்கிக் கட்டுவார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ராத்திரியில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். உடம்புக்குள் இருந்து இந்த நோயை உண்டாக்கும் தாய்ப்புழு போடும் குஞ்சுகள் பகல் முழுக்க நுரையீரல் பக்கத்து ரத்தக்குழாய்களில் ஒதுங்கிவிடும், ஊர் தூங்கும் நேரத்துக்குத்தான் தோலுக்கு அருகில் ஓடும் ரத்தத்துக்கு வரும். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவும் அந்த நேரத்தில்தான் கடிக்கிறது. பகலில் எடுத்த ரத்தத்தை எத்தனை முறை பார்த்தாலும் புழு பெரும்பாலும் கண்ணில் படாது. அதனால் அப்பா எட்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு சைக்கிளில் கிளம்புவார். கேரியரில் மரப்பெட்டி. அதில் ஸ்லைடுகள், ஊசி, ஸ்பிரிட், பஞ்சு, பேரெழுத ஒரு நோட்டு. கையில் டார்ச். திரும்பி வர ஒரு மணி, ஒன்றரை ஆகும். அம்மா தூங்காமல் உட்கார்ந்திருப்பார்.

தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டி, 'விரலைக் கொடுங்க' என்றால் யார் கொடுப்பார்கள்? திட்டுவார்கள். நாயை அவிழ்த்துவிட்ட வீடும் உண்டு. ரத்தத்தை எடுத்து விற்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் கதவே திறக்காது. அப்பா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் ராத்திரி மறுபடி போவார், நின்றபடியே தன் விரலை முதலில் குத்திக் காட்டுவார். நெல்லிக்குப்பத்தில் இருந்தபோது என்னையும் தம்பியையும் சைக்கிளில் கூட்டிப்போய், 'பாருங்க, என் பிள்ளைங்களுக்கும் எடுக்கறேன்' என்று தெருவில் வைத்து எங்கள் விரலில் குத்தினார். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. மூன்று சொட்டு ரத்தம், அவ்வளவுதான்.

1978. எனக்குப் பத்து வயது. மறுநாள் காலையில் லேப்பில் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது என் ஸ்லைடில் புழு இருந்தது.

எனக்கு வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, ஓடி விளையாடிக்கொண்டிருந்தேன். அதுதான் இந்த நோயில் பெரிய சங்கடம், புழு இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் அவர்களைக் கடித்த கொசு அடுத்தவருக்குக் கொண்டுபோகும். அம்மா அழுதுவிட்டார். பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், பதிவேட்டில் மட்டும் பேரை எழுதிவிடாதீர்கள், வீட்டோடு மாத்திரை கொடுத்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் கெஞ்சியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அப்புறம் எழுதினார். என் பெயர், வயது, தெரு, 'நோய்க்கிருமி உண்டு'. ஊரார் வீட்டுப் பெண்ணை எழுதிய அதே நோட்டில் எழுதினார். அம்மா இரண்டு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

டி.இ.சி. மாத்திரை, பன்னிரண்டு நாள். முதல் மாத்திரை போட்ட ராத்திரி எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது, காய்ச்சல், தலைவலி. ரத்தத்தில் புழு சாகும்போது அப்படி வரும். இதற்குப் பயந்துதான் பலர் ஒரு நாளோடு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அப்பா ராத்திரி வேலைக்குப் போகவில்லை. ஈரத்துணியை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டு விடியும்வரை பக்கத்திலேயே இருந்தார். எனக்குத் தெரிந்து அவர் லீவு போட்ட ஒரே ராத்திரி அதுதான். அதற்கப்புறம் வீடுகளில் மாத்திரை கொடுக்கும்போது, 'என் பொண்ணுக்கும் ஜுரம் வந்துச்சு, பயப்படாதீங்க' என்று சொல்வாராம். இதை அவருடன் வேலை செய்தவர் துக்கம் விசாரிக்க வந்தபோது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்று எனக்கு ஐம்பது வயது தாண்டி வெகுநாளாகிவிட்டது. இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கின்றன. காலையில் வெள்ளி கடற்கரையில் நடக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் ரத்தம் எடுத்து ஆளைத் தேடுவதை விட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்குமே மாத்திரை என்று வந்தது. சின்னக் குழந்தை, கர்ப்பிணி, ரொம்ப முடியாதவர்கள் தவிர மற்றவர்களுக்கு, பெரியவர் என்றால் மூன்று மாத்திரை. எங்கள் தெருவுக்கு வந்த அங்கன்வாடி ஊழியருடன் அப்பாவும் வீடு வீடாகப் போனார். கையில் வாங்கி மாடத்தில் வைத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும், 'முழுங்குற வரைக்கும் நிக்கணும்மா' என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். 2004 சுனாமிக்கு மறுநாள் தேவனாம்பட்டினத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு நின்றார், யாரும் கூப்பிடவில்லை.

அவர் எழுதி வைத்திருந்த சொந்த நோட்டுகள் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் ஓடு பறந்தபோது நனைந்து கூழாகிவிட்டன. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். எத்தனை ஆயிரம் ஸ்லைடு எடுத்தார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதுச்சேரியில் கொசு வழி பரவும் நோய்களை ஆராய 1975ல் ஏற்பட்ட மையத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது, நல்ல விஷயம். ராத்திரியில் கதவைத் தட்டியவர்களைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. அப்பாவோடு வேலை செய்தவர்களில் எனக்குத் தெரிந்து மூன்று பேர் கடலூர், பண்ருட்டி பக்கம் இருக்கிறார்கள், எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். ஒரு நிருபரை அனுப்பி அவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள், சீக்கிரம். போகும்போது, கால் வீங்கியே இருக்கிற பழைய நோயாளிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். நிலைத்துப்போன வீக்கம் மாத்திரையால் குறையாது, தினம் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, விரல் இடுக்கில் புண் வராமல் பார்த்துக்கொண்டால்தான் காய்ச்சல் வராமல் இருக்கும். அதற்கு ஆள் துணை இல்லாத முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்பாவின் மரப்பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. உள்ளே ஸ்லைடு நிறுத்தும் பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன, பூட்டு மட்டும் துருப்பிடித்துவிட்டது. ஏதாவது கல்லூரியோ அருங்காட்சியகமோ கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.